மூன்றாம் தரம் கார் களவெடுத்தால் கட்டாய மறியல்தானே, பிறகேன் அவன் வெளியில் நிற்கிறான்?

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கமில் இருக்கிற ஒரு தம்பி போன கிழமை கேட்ட கேள்விக்கு இது பதில். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவருடைய ரொயோற்றா ஹைலாண்டர் மார்கழி மாதம் ஒரு இரவில் வீட்டு வாசலிலிருந்து போய்விட்டது. இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போகக் கதவைத் திறந்தால், கார் நின்ற இடத்தில் நீள்சதுரமாக ஒரு பள்ளம். அதற்குள் ஒரு விரல் தடிப்பில் பனி, சுற்றிவர அரைச் சாண். “அந்த ஒரு விரல் பனியை வைத்தே எத்தனை மணிக்குக் கொண்டுபோயிருப்பாங்கள் என்று கணக்குப் பார்த்தேன் அண்ணை” என்றார். பிள்ளைகள் இரண்டு பேரின் இருக்கைகளும் காரோடு போய்விட்டன.

ஆறு கிழமைக்குப் பிறகு வேறு இலக்கத் தகட்டோடு ஓடிக்கொண்டிருந்த அந்தக் காரைப் பொலிஸ் மறித்தது. ஓட்டியவன் 21 வயதுப் பெடியன். ஏற்கெனவே இரண்டு தரம் கார் வழக்கில் தண்டனை பெற்றவனாம். மூன்றாம் நாள் பிணையில் வெளியே வந்துவிட்டான்.

தம்பியின் கேள்வி இதுதான்: மூன்றாம் தரம் பிடிபட்டால் கட்டாயம் மறியல் என்று கனடாவில் சட்டம் இருக்கிறதே, பிறகேன் அவன் வெளியில் நிற்கிறான்? அந்தத் தண்டனையை மூன்று வருடமாக்கினால் களவு நின்றுவிடாதா?

நான் சட்டத்தரணி இல்லை. ஒன்ராறியோ நீதிமன்றங்களில் 17 வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நின்று இப்போது ஓய்வில் இருக்கிறேன். தீர்ப்பில் எனக்குப் பங்கு இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் என் வாய்வழியாகத்தான் போனது. தம்பியின் கேள்விக்கு விடையும் இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

முதலில் சட்டம். அது உண்மையிலேயே இருக்கிறது. குற்றவியல் கோவையின் 333.1 ஆம் பிரிவு. 2010 நவம்பர் 18 அன்று அரச ஒப்புதல் பெற்று, 2011 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் காரைக் களவெடுப்பதும் 5,000 டொலருக்கு மேல் பெறுமதியான வேறு எந்தப் பொருளைக் களவெடுப்பதும் ஒரே குற்றம்தான். இந்தப் பிரிவு மோட்டார் வாகனக் களவைத் தனிக் குற்றமாக்கி, ஆகக்கூடிய தண்டனை 10 வருடம் என்றது. மூன்றாம் தரமோ அதற்கு மேலோ என்றால் ஆகக்குறைந்தது ஆறு மாதம் மறியல் என்றது. கட்டாயத் தண்டனை என்று ஆட்கள் சொல்வது இந்த ஆறு மாதத்தைத்தான்.

இது ரொறன்ரோவுக்காக எழுதப்பட்ட சட்டமில்லை. வினிபெக் நகரத்தின் வேதனையிலிருந்து பிறந்தது. 2000களின் நடுப்பகுதியில் கனடாவின் கார்க் களவுத் தலைநகர் என்று வினிபெக்குக்குப் பெயர். பழைய கிறைஸ்லர் வான்களை ஒரு திருப்புளியால் கிளப்பிக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் பதின்ம வயதுப் பெடியங்கள், காசுக்காக அல்ல, ஓடுகிற வெறிக்காக. தெருவில் ஓட்டப்பயிற்சி செய்தவர்களைக் களவுக் காரால் வேண்டுமென்றே மோதிய சம்பவமும் நடந்தது. 2007 இல் மானிட்டோபா முதல்வர் கரி டோயர் ஒரு தூதுக்குழுவோடு ஒட்டாவாவுக்குப் போய்ச் சட்டத்தைக் கடுமையாக்கச் சொல்லிக் கேட்டார். அந்தக் கோரிக்கையின் நீட்சிதான் 333.1.

இப்போது அந்த இரண்டு சொற்களுக்கு வருகிறேன்.

தம்பி, நீங்கள் படமெடுத்து அனுப்பிய குற்றப்பத்திரத் தாளை இன்னொரு தரம் பாருங்கள். அதில் ‘களவெடுத்தல்’ என்ற சொல்லே இல்லை. ‘குற்றத்தால் பெறப்பட்ட, 5,000 டொலருக்கு மேற்பட்ட பொருளை உடைமையில் வைத்திருத்தல்’ என்று இருக்கிறது. இந்தக் குற்றத்துக்கும் ஆகக்கூடியது 10 வருடம்தான். ஆனால் ஆகக்குறைந்த தண்டனை என்று எதுவும் கிடையாது. மூன்றாம் தரமானாலும் பத்தாம் தரமானாலும் கிடையாது.

ஏன் இப்படிக் குற்றம் சாட்டுகிறார்கள்? களவை நிரூபிப்பது கடினம். அந்த இரவு உங்கள் வாசலில் நின்றது இவன்தான் என்று காட்ட வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டுக் கமராவில் தெரிவது தொப்பி போட்ட, முகத்தை மூடிய இரண்டு உருவங்கள். ஆறு கிழமைக்குப் பிறகு காரை ஓட்டியவன் அதில் ஒருவன்தான் என்று எந்தப் பொலிஸ்காரர் சத்தியம் பண்ணுவார்? உடைமையில் வைத்திருந்ததை நிரூபிப்பது அதைவிட எவ்வளவோ இலகு. ஆள் காருக்குள் இருந்தான், கார் களவுபோனது, அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குப் பொய்த் தகடு சாட்சி. அதனால் பிடிபடுகிறவர்களில் நிறையப் பேர் இந்தச் சொல்லின் கீழ்தான் மன்றுக்கு வருகிறார்கள். கட்டாயத் தண்டனை என்ற வாசலுக்கு அவர்கள் வந்து சேர்வதேயில்லை.

எக்லிங்ரன் கிழக்கில் இருந்த பழைய ஸ்காபரோ நீதிமன்றத்தில் ஒரு பிணை விசாரணை. மகனுக்குப் பிணை நிற்க வந்திருந்தார் ஒரு தகப்பன். இரவு வேலை முடிந்து நேரே வந்தவர். இரும்பு மூக்கு வைத்த வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. உங்கள் மகனுக்கு முன்பும் கார் வழக்கு இருந்தது தெரியுமா என்று அரச தரப்புச் சட்டத்தரணி கேட்டார். “அவன் களவெடுக்கேல்லை ஐயா, ஓடினவன் மட்டும்தான்” என்றார் தகப்பன். நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் மகனைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தைதான், ஆனால் குற்றப்பத்திரத்தில் எழுதியிருந்ததும் சரியாக அதுவேதான். களவெடுத்தவன் வேறு, ஓடியவன் வேறு, கொள்கலனில் ஏற்றியவன் வேறு, விற்றவன் வேறு. ஒரு களவு நாலு துண்டாகப் பிரிந்திருக்கிறது. 333.1 ஒரு துண்டைத்தான் பார்க்கிறது.

சரி, களவெடுத்தல் என்றே குற்றம் சாட்டி நிரூபித்தும் விட்டார்கள் என்று வைப்போம். அப்போதும் ஆறு மாதம் தானாக வராது. இந்தக் குற்றத்தை இரண்டு வழியில் நடத்தலாம். ஒன்று பாரதூரமான குற்றமாக நடத்தும் குற்றப்பகர்வு முறை, மற்றது சிறிய குற்றமாக நடத்தும் சுருக்கமுறை. எந்த வழி என்று தெரிவு செய்வது ‘கிரவுன்’ என்று நாங்கள் சொல்கிற அரச தரப்புச் சட்டத்தரணி. ஆகக்குறைந்த ஆறு மாதம் குற்றப்பகர்வு முறைக்கு மட்டுந்தான். முந்திய இரண்டு தண்டனைகள் எந்த முறையில் வந்தாலும் எண்ணிக்கைக்குச் சேரும், அது உண்மை. ஆனால் மூன்றாவது வழக்கைச் சுருக்கமுறையில் நடத்தினால் கட்டாயம் என்பதே மறைந்துவிடும். வழக்குகள் குவிந்து கிடக்கும் மன்றில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒருவன் சொன்னால் சுருக்கமுறைக்கு இறங்குவது தினம் நடக்கிற பேரம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. 2016 இல் ஜோர்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட எல்லை தலைக்கு மேல் தொங்குகிறது. மாகாண நீதிமன்றத்தில் 18 மாதத்துக்குள் வழக்கு முடிய வேண்டும். தாமதம் அதைத் தாண்டி, அதற்குத் தக்க காரணமும் காட்ட முடியாமல் போனால் வழக்கே நிறுத்தப்படும். ஒரு கார் வழக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு பாலியல் வல்லுறவு வழக்கைக் கைவிட வேண்டி வந்தால் யார் பொறுப்பு?

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்த ஆகக்குறைந்த தண்டனை அறவே கிடையாது. அவர்களுக்கு 2003 இல் வந்த இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம். களவுக் கும்பல்களுக்கு இது நன்றாகத் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளையை வாசலுக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் தெருமுனையில் வேறு காரில் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் கோபம் உண்மையில் தண்டனைமேல் இல்லை, பிணைமேல். அந்தப் பெடியன் வெளியில் நிற்பது தண்டனை குறைவு என்பதால் அல்ல, அவனுக்கு இன்னும் தீர்ப்பே வராததால். கட்டாயத் தண்டனையை முப்பது வருடமாக்கினாலும் தீர்ப்பு வரும்வரை அவன் இதேபோலத்தான் நிற்பான். 2025 அக்டோபரில் ஒட்டாவாவில் கொண்டுவந்த மசோதா இந்தப் பிணைப் பக்கத்தைத்தான் தொட்டது. வன்முறையோடு அல்லது கும்பலோடு தொடர்புள்ள கார்க் களவு என்றால், தனக்கு ஏன் பிணை தரவேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவனே காட்டவேண்டும் என்பது அதில் ஒன்று. பிணை பற்றித் தனியாகச் சண்டை பிடிக்கலாம், அதில் எனக்கும் கருத்து இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரு சாக்கில் போட்டால் இரண்டும் தீராது.

இனி அந்த ஆறு மாதக் கணக்கு. மன்றில் இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! பிணை கிடைக்காமல் உள்ளே இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றரை நாள் வரை கழிவு கொடுப்பார்கள். 2014 இல் சமர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆகக்குறைந்த தண்டனைக்கும் இந்தக் கழிவு பொருந்தும் என்பது 2000 ஆம் ஆண்டு வுஸ்ற் வழக்கிலேயே முடிந்த விஷயம். அப்படியென்றால் 120 நாள் உள்ளே இருந்தவனுக்கு 180 நாள் கழிவு. நீதிபதி கணக்கைப் பார்த்து, ஆறு மாதம் என்று தீர்ப்புச் சொல்லி, அது ஏற்கெனவே முடிந்துவிட்டது என்கிறார். கட்டாயத் தண்டனை விதிக்கப்பட்ட அதே பின்னேரம் அவன் வீட்டுக்குப் போகிறான். பிணையில் வெளியே இருந்துவிட்டுத் தீர்ப்புக்குப் பிறகு உள்ளே போகிறவனும், மாகாணச் சிறையில் ஒழுங்காக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நாலு மாதத்தில் வருவான். இதில் யாரும் சட்டத்தை ஏமாற்றவில்லை. சட்டத்தின் ஒரு கை கொடுத்ததை மற்றக் கை கணக்குப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் மூன்று வருடமாக்குவோம் என்கிறீர்கள். நீங்கள் மட்டும் சொல்லவில்லை. 2024 பெப்ரவரியில் கொன்சர்வேற்றிவ் தலைவர் பியர் பொலியேவும் அதையே சொன்னார். மூன்றாவது தரத்துக்கு ஆகக்குறைந்தது மூன்று வருடம், வீட்டுக் காவல் கிடையாது. இந்த வீட்டுக் காவல் விஷயத்தில் கோபத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2012 இல் கார்க் களவுக்கு, குற்றப்பகர்வு முறையில் நடந்தால், வீட்டுக் காவல் தரக்கூடாது என்று சட்டம் ஆக்கினார்கள். 2022 நவம்பரில் வந்த மாற்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. முதல் தரம், இரண்டாம் தரம் பிடிபட்டவர்கள் வீட்டில் இருந்தபடியே தண்டனையைக் கழிக்கலாம் என்றாயிற்று. மூன்றாம் தரத்துக்கான ஆறு மாதத்தில் அவர்கள் கை வைக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு எதிராக நான் சொல்வது இரக்கத்தால் அல்ல. அது வேலை செய்யாது என்பதால்.

ஒன்று, கனடாவின் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 12 ஆம் பிரிவு. கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை கூடாது என்கிறது அது. ஆகக்குறைந்த தண்டனை ஒன்றை எதிர்த்து வழக்கு வந்தால், உச்ச நீதிமன்றம் முன்னால் நிற்கிற ஆளை மட்டும் பார்க்காது. இந்தச் சட்டத்துக்குள் நியாயமாக விழக்கூடிய, ஆகச் சிறிய பிழை செய்த ஆளைக் கற்பனை செய்து, அவனுக்கு இந்தத் தண்டனை அளவுக்கு மிஞ்சியதா என்று பார்க்கும். 2015 இல் நூர் வழக்கில் துப்பாக்கி வைத்திருந்ததற்கான கட்டாய மூன்று வருடம் இப்படித்தான் விழுந்தது. அந்த வழக்கில் அரசாங்கம் ஒரு வாதம் வைத்தது: அப்படியான ஆட்கள் வந்தால் கிரவுன் சுருக்கமுறையைத் தெரிவு செய்துவிடும், ஆகவே பயமில்லை என்று. நீதிமன்றம் ஏற்கவில்லை. கிரவுன் நல்லபடி நடக்கும் என்ற நம்பிக்கை ஒரு சட்டத்தைக் காப்பாற்றாது என்றது. கார்க் களவுச் சட்டமும் அதே அமைப்புத்தான். பத்தொன்பது வயதில் சிற்றப்பனின் காரைக் கேட்காமல் கொண்டுபோய் ஒரு தண்டனை, நண்பனோடு சேர்ந்து இன்னொன்று, பத்து வருடம் கழித்துக் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டானின் பழைய கொறோலாவை எடுத்து இரண்டு தெரு தள்ளி விட்டதற்கு மூன்றாவது. இவனுக்கு மூன்று வருடமா என்று ஒருநாள் ஒரு நீதிபதி கேட்பார். சட்டம் விழும். விழும்போது அந்தக் கொறோலாக்காரனுக்கு மட்டும் விழாது, ஐம்பது லெக்சஸைக் கொண்டுபோனவனுக்கும் சேர்த்து விழும்.

இரண்டு, பேரம். தண்டனை கூடக்கூட அதிலிருந்து தப்புகிற வழியின் விலையும் கூடும். ஆறு மாதத்துக்கே சுருக்கமுறைக்கும் ‘உடைமை’க்கும் இறங்குகிறார்கள். மூன்று வருடம் என்றால் எந்தச் சட்டத்தரணி தன் கட்சிக்காரனைக் களவெடுத்தல் என்று ஒப்புக்கொள்ள விடுவார்? இன்னொன்றும் சொல்கிறேன், மூன்று வருடம் என்றால் மூன்று வருடமில்லை. இரண்டு வருடமோ அதற்கு மேலோ என்றால் ஆள் மத்திய சிறைக்குப் போகிறான். மூன்றில் ஒரு பங்கு முடிய, அதாவது ஒரு வருடத்தில், நிபந்தனையோடு முன்கூட்டி வெளியே விடும் முழுப் பரோலுக்குத் தகுதி பெறுவான்.

மூன்று, ஆகப் பெரியது: பயம் எதிலிருந்து வருகிறது என்பது. மேற்கு அவுஸ்திரேலியாவின் கதையைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் பேர்த் நகரில் இளைஞர்கள் களவுக் கார்களில் பொலிஸ் துரத்தத் துரத்த ஓடி, வழியில் போனவர்கள் செத்தார்கள். ஒரு தாயும் குழந்தையும் செத்த பிறகு நகரமே கொதித்தது. 1992 இல் அவசர அவசரமாக ஒரு சட்டம் வந்தது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்யும் வன்முறையாளர்களுக்கு, பிள்ளைகளாக இருந்தாலும், குறைந்தது 18 மாதம். அதற்குப் பிறகும் எப்போது வெளியே விடுவது என்பது அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தின் கையில். கார்க் களவு குறைந்தது. சட்டம் வென்றது என்றார்கள். ஆய்வாளர்கள் மாதக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தபோது, சட்டம் வருவதற்கு முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது தெரிந்தது. 1994 இல் அந்தச் சட்டம் காலாவதியானபோது யாரும் அதைத் தூக்கி நிறுத்தவில்லை.

அதே மேற்கு அவுஸ்திரேலியா 1999 இல் வேறொன்று செய்தது. கார் கைமாறும்போது, இம்மொபிலைசர் என்கிற, சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினைக் கிளம்ப விடாத கருவி அதில் பூட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வினிபெக் இதைப் பார்த்துப் படித்தது. இதை நம்முடைய ஆட்கள் கவனிக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். 333.1 நடைமுறைக்கு வந்தது 2011 இல். வினிபெக்கில் களவு விழத் தொடங்கியது அதற்கு நாலைந்து வருடத்துக்கு முன்பு. 2005 இல் பொலிசும், நன்னடத்தை அதிகாரிகளும், மாகாணத்தின் பொதுக் காப்புறுதி நிறுவனமும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். எந்தப் பெடியங்கள் அதிகம் களவெடுக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பட்டியல் எடுத்து, ஒவ்வொருவனையும் நாளுக்குப் பல தரம் தொலைபேசியிலும் நேரிலும் பார்த்தார்கள். வீட்டில் இல்லையென்றால் உடனே தேடிப் போனார்கள். களவு போகக்கூடிய பழைய கார்களுக்கு இம்மொபிலைசரை இலவசமாகப் பூட்டிக் கொடுத்து, 2007 இலிருந்து கட்டாயமும் ஆக்கினார்கள். 2004 இல் 13,000க்கு மேல் இருந்த களவு, சில வருடங்களில் எண்பது வீதத்துக்கும் மேல் விழுந்தது. பெடியனுக்கு ஆறு மாதமா மூன்று வருடமா என்று தெரியாது. நாளைக் காலை பத்து மணிக்கு அந்த அதிகாரி கதவைத் தட்டுவார் என்பது தெரியும்.

இப்போது நம்மூர். 2007 செப்ரெம்பர் 1 இலிருந்து கனடாவில் விற்கிற புதுக் கார் எல்லாவற்றிலும் இம்மொபிலைசர் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அது திருப்புளிக் களவைக் கொன்றது. ஆனால் உங்கள் ஹைலாண்டரைத் திருப்புளியால் எடுக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் திறப்பின் சமிக்ஞையை வெளியிலிருந்து பிடித்துக் காருக்குக் கடத்தும் கருவி ஒரு வகை. முன் விளக்குப் பக்கமாகக் கம்பிக்குள் கை வைத்துக் காரின் கணினியோடு பேசுவது இன்னொரு வகை. எடுத்த காரை உடனே கொண்டுபோக மாட்டார்கள். ஏதோ ஒரு அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்திலோ ஆளில்லாத தெருவிலோ இரண்டு நாள் ஆறவிடுவார்கள். கார் நிற்கும் இடத்தைக் காட்டும் ட்ராக்கர் இருந்தால் அதற்குள் பொலிஸ் வந்துவிடும். வராவிட்டால், சிலது புது அடையாள இலக்கம் ஒட்டி இங்கேயே விற்பனைக்குப் போகும். மற்றது கொள்கலனில் ஏறி, மொன்றியல் துறைமுகத்தால் மேற்கு ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் போகும்.

கணக்கைப் பாருங்கள். 2022 இல் கனடாவில் 105,000க்கு மேல் வாகனங்கள் களவுபோயின. 2023 இல் காப்புறுதிக் கம்பெனிகள் கார்க் களவுக்காகக் கொடுத்தது 150 கோடி டொலர். அந்த வருடங்கள் முழுக்க 333.1 புத்தகத்தில் இருந்தது. மூன்றாம் தரத்துக்கு ஆறு மாதம் அப்படியே இருந்தது. அது ஒரு லெக்சஸையும் நிறுத்தவில்லை.

2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் கார்க் களவு பற்றித் தேசிய மாநாடு கூட்டினார்கள். அதே வருடம் ஏப்ரலில் ஒன்ராறியோ மாகாணப் பொலிசும் எல்லைச் சேவையும் மொன்றியல் துறைமுகத்தில் 598 களவுக் கார்களைப் பிடித்ததாக அறிவித்தார்கள். அவற்றுக்காக 390 கொள்கலன்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை ஒன்ராறியோக் கார்கள். கனடாவின் களவுக் கார்ப் பட்டியல் சர்வதேசப் பொலிஸ் அமைப்பான இன்ரர்போலின் பட்டியலோடு இணைந்தது. காப்புறுதித் துறையின் கணக்கில் 2023 இல் 70,475 ஆக இருந்த தனியார் கார்க் களவு 2024 இல் 57,359 ஆக இறங்கியது. ஆகக்குறைந்த தண்டனையில் ஒரு நாளைக்கூட யாரும் கூட்டவில்லை. ஏறும்போதும் ஆறு மாதம், இறங்கும்போதும் ஆறு மாதம். இறங்கியது துறைமுகத்தில் கொள்கலனைத் திறந்து பார்த்ததால் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தண்டனையே வேண்டாம் என்கிறேனா? இல்லை. திறப்புக்காக இரவு இரண்டு மணிக்கு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறவன் கார்க் கள்ளன் இல்லை. குடியிருக்கும் வீட்டை உடைத்து நுழைவதற்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம், அந்தச் சட்டத்தைக் கூச்சப்படாமல் பாவிக்க வேண்டும். 2024 யூனில் வந்த திருத்தங்களில் எனக்குப் பிடித்தவை இருக்கின்றன. வன்முறையோடு அல்லது கும்பலுக்காகச் செய்யும் கார்க் களவுக்கு 14 வருடம் வரை. களவுக்கென்றே அந்தச் சமிக்ஞைக் கருவியை வைத்திருப்பதும் விற்பதும் தனிக் குற்றம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை இதில் இழுத்துவிட்டால் தண்டனையைக் கூட்ட அது ஒரு காரணம். இந்தக் கடைசியை வாசித்தபோது அந்த வேலைச் சப்பாத்துத் தகப்பன்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய மகனுக்குக் காரை ஓட்டக் கொடுத்த ஆள் மன்றுக்கு வந்ததேயில்லை. களவுப் பொருளைக் கடத்தி விற்பதற்கு 2011 இலிருந்தே 14 வருடம் வரை கொடுக்கலாம். தண்டனை போதாமல் இல்லை. கொள்கலனுக்குப் பொய்ப் பத்திரம் எழுதியவனைப் பிடித்து வந்து அந்த 14 வருடத்துக்கு முன்னால் நிறுத்த ஆட்கள்தான் போதாது. மூன்று வருடக் கட்டாயத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், யாராக இருந்தாலும், மொன்றியலில் எத்தனை பேரைப் புதிதாக வேலைக்கு வைப்பீர்கள் என்று கேளுங்கள். 2007 இல் நடைமுறைக்கு வந்த இம்மொபிலைசர் விதியை எப்போது திருத்துவீர்கள் என்றும் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் வழக்கு. கட்டாயத் தண்டனை அதில் இல்லை என்பதால் ஒன்றும் நடக்காது என்று இருந்துவிட வேண்டாம். உடைமைக் குற்றத்திலும் முந்திய இரண்டு தண்டனைகளையும் நீதிபதி பார்ப்பார். ஆறு மாதத்துக்கு மேலும் கொடுக்கலாம். அவர் முன்னால் உங்கள் பக்கம் பேசுவதற்கு ஒரு வழி இருக்கிறது, நம்மவர்கள் அதை அநேகமாகப் பாவிப்பதில்லை. பாதிக்கப்பட்டவரின் தாக்க அறிக்கை என்று ஒரு படிவம். தீர்ப்புக்கு முன் அதைக் கொடுத்தால் நீதிபதி கட்டாயம் கவனத்தில் எடுக்க வேண்டும். நீங்களே வாசிக்கவும் கேட்கலாம். காப்புறுதி தராத உங்கள் கைக்காசு, பிள்ளைகளின் இருக்கைகள், வேலைக்குப் போக வாடகைக்கு எடுத்த கார், எல்லாவற்றின் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். இழப்பீட்டுக் கட்டளை கேட்கச் சொல்லிக் கிரவுன் அலுவலகத்தில் தீர்ப்புக்கு முன்பே கொடுக்க வேண்டும்.

படிவத்தை நல்ல ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். வாசலில் ஏதாவது சத்தம் கேட்டால் சின்னவள் எழும்பி யன்னலுக்கு ஓடுகிறாள் என்று சொன்னீர்களே, அதை அதே மாதிரித் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் மொழிபெயர்த்துத் தருகிறேன். சனிக்கிழமை முழுக்க வீட்டில்தான் நிற்பேன்.